நன்றிக்கடனுக்கு ‘நோ டியூ’ சான்றிதழ் உண்டா?

கேள்வி, மார்ச் 2

என் கல்லூரிப் படிப்புக்கு மாமா பணம் கட்டினார். வேலை கிடைத்ததும் அதை வட்டியோடு திருப்பிக் கொடுத்தேன். பிறகு அவர் மகன் படிப்புக்கு நான் கட்டினேன். போன வருஷம் அவருடைய கண் ஆபரேஷன் செலவும் என்னுடையதுதான். கூட்டிப் பார்த்தால் வாங்கியதைப் போல மூன்று மடங்கு போயிருக்கும். இன்றைக்கும் நாலு பேர் கூடிய இடத்தில் “இவனை நான்தான் படிக்க வெச்சேன்” என்கிறார். நான் தலையாட்டிக்கொண்டு நிற்கிறேன். பட்டதைவிடக் கூடுதலாகக் கொடுத்தாகிவிட்டது, ஆகவே என் கடன் தீர்ந்தது என்கிறேன். இல்லை என்பவர்கள் காரணம் சொல்லுங்கள்.

மார்ச் 2, இரவு

தீரவில்லை. தீராது.

முப்பது வருஷத்துக்கு மேல் கணக்கு எழுதிப் பிழைத்தவன் நான். நீங்கள் போட்ட மூன்று மடங்குக் கணக்கில் கூட்டல் சரி, தலைப்பு தப்பு. மாமா கொடுத்த அன்று அவர் உங்களுக்கு எதுவும் பாக்கி வைத்திருக்கவில்லை. கொடுக்காமல் இருந்திருந்தாலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நீங்கள் கொடுத்தது எல்லாம் அதற்குப் பிறகு. முப்பது மடங்கு கொடுத்தாலும் உங்களுடையது பதில்தான். ‘செய்யாமல் செய்த உதவிக்கு வையகமும் வானகமும் ஆற்றல் அரிது’ என்று வள்ளுவர் சொல்கிற இடம் இதுதான். நாம் முன்னால் எதுவும் செய்யாதிருக்க, ஒருவர் தாமாகச் செய்த உதவி. அதற்கு மண்ணும் விண்ணும் ஈடாகாது என்பது கொஞ்சம் மிகையாகப் படலாம். ஆனால் ஜெர்மன் தத்துவவாதி காண்ட், 1797இல் வந்த அறநூலில், வள்ளுவரைப் படிக்காமலே இதே இடத்துக்கு வருகிறார்: உதவி செய்தவர் முந்திக்கொண்டார், அந்த முந்தலை எந்தக் கைம்மாறாலும் பிடிக்க முடியாது.

கடன்பட்டார் நெஞ்சம் போல் கலங்கினான் இலங்கை வேந்தன் என்று கம்பன் சும்மா சொல்லவில்லை.

மார்ச் 2, படுக்கப் போகும் முன்

ஒன்று விட்டுப்போச்சு. நாலு பேர் முன்னால் ஒவ்வொரு தடவை சொல்லிக்காட்டும்போதும் மாமா வட்டி வசூல் பண்ணிக்கொள்கிறார். அந்த வகையில் அவர் கொடுத்தது எப்பவோ அவருக்கு வந்து சேர்ந்துவிட்டது. அசல் மட்டும் அப்படியே நிற்கிறது. கந்துவட்டிக்காரர் கணக்கும் இதே மாதிரிதான் ஓடும்.

மார்ச் 3

திருத்தம். ‘கடன்பட்டார் நெஞ்சம்’ வரி கம்பராமாயணத்தில் இல்லை என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். சரிதான். எல்லாரும் சேர்ந்து கம்பன் தலையில் கட்டிய வரி அது. நானும் ஒரு முடிச்சுப் போட்டேன். கம்பன் வாங்காத கடனுக்கு இத்தனை வருஷமாய்ப் புகழ் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறோம்.

மார்ச் 4

சொல்லைப் பற்றிக் கொஞ்சம்.

தமிழில் கடன் என்றால் வாங்கியதும் கடன், செய்ய வேண்டியதும் கடன். ‘ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே’ என்கிற புறநானூற்றுத் தாய் யாரிடமும் கைமாற்று வாங்கவில்லை. அவள் சொல்வது கடமை. ஒரே சொல்லில் இரண்டையும் வைத்துக்கொண்டு நாம் குழம்புகிறோம். வாங்கிய கடன் கட்டக் கட்டக் குறையும். செய்ய வேண்டிய கடன் செய்யச் செய்யக் குறைவதில்லை. பிள்ளைக்கு நேற்று ஊட்டியாச்சு என்று இன்றைக்குச் சும்மா இருக்க முடியுமா? இதே சொல்லுக்கு மூன்றாவது அவதாரமும் உண்டு: ‘கடனே என்று செய்தான்’. வேண்டா வெறுப்பாய்ச் செய்தான் என்று அர்த்தம். கடன் என்று நினைத்துச் செய்தாலே அது பாதிச் செயல்தான் என்று மொழிக்கே தெரிந்திருக்கிறது.

ஜெர்மன் மொழியில் ‘ஷுல்ட்’ என்றால் குற்றம். கடனும் அதுதான். அவர்களுக்குத் தீங்கின் பக்கம் ஒட்டிக்கொண்டது, நமக்குக் கடமையின் பக்கம்.

அளந்து வாங்கி அதே அளவில் திருப்புவதற்கு வள்ளுவர் வேறு ஒரு சொல் வைத்திருக்கிறார்: குறியெதிர்ப்பை. இல்லாதவருக்குக் கொடுப்பதுதான் ஈகை, மற்றதெல்லாம் குறியெதிர்ப்பை மாதிரி என்கிறார். கேட்டவரே, நீங்கள் செய்தது நல்ல குறியெதிர்ப்பை. அளவு கூடுதல். அவ்வளவுதான்.

மார்ச் 4, அரை மணி கழித்து

முழுசாகத் தீரும் கடன் காலைக்கடன் ஒன்றுதான். அதுவும் மறுநாள் காலை வரை.

மார்ச் 6

சித்தி பிள்ளைகள் இரண்டு பேர். அக்கா, தம்பி. எனக்குத் தங்கை முறை, தம்பி முறை. சின்ன வயசிலிருந்து எலியும் பூனையும். கல்யாணமாகிப் பேரன் பேத்தி எடுக்கிற வயசிலும் போனில் கத்திக்கொள்வார்கள். நாலு வருஷத்துக்கு முன்னால் தம்பிக்கு இரண்டு சிறுநீரகமும் போய், டயாலிசிஸில் இருந்தான். அக்காவுடையது பொருந்தியது. கொடுத்தாள். இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள்.

ஆனால் அதற்குப் பிறகு அவன் மாறிப்போனான். அவள் உள்ளே வந்தால் எழுந்து நிற்கிறான். அவள் எது சொன்னாலும் “சரிக்கா”. தப்பாகவே சொன்னாலும் “சரிக்கா”. நான் பார்க்க ஒரு நாள் அவனுடைய பெண்ணுக்குப் பார்த்த வரனை அவள் வேண்டாம் என்றாள். பெண்ணுக்கே பிடித்திருந்த பையன். இவன் வாயைத் திறக்கவில்லை, சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அன்றைக்கு வாசலில் செருப்பை மாட்டும்போது அவள் என்னிடம் சொன்னது: “அண்ணே, என் தம்பியக் காணோம்ணே. கிட்னியக் குடுத்து ஒரு வேலைக்காரன வாங்கிட்டு வந்த மாதிரி இருக்கு.”

(வரன் பிறகு முடிந்தது. அவளே போய்ப் பேசி முடித்தாள்.)

இதற்குப் பேரே உண்டு. ரெனே ஃபாக்ஸ், ஜூடித் ஸ்வேஸி என்று இரண்டு ஆய்வாளர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்களைப் பல காலம் கவனித்து, ‘கொடையின் கொடுங்கோன்மை’ என்றார்கள். வாங்கிய பொருள் திருப்பிக் கொடுக்க முடியாதது. கொடுத்தவரும் அதைக் கேட்கவில்லை. ஆனாலும் வாங்கியவர் ஆயுள் முழுக்கக் கைகட்டி நிற்கிறார்.

முதன்முதலாக வெற்றியடைந்த சிறுநீரக மாற்று 1954 டிசம்பர் 23இல் பாஸ்டனில் நடந்தது. ரொனால்ட் ஹெரிக் தன் இரட்டைச் சகோதரன் ரிச்சர்டுக்குக் கொடுத்தார். முதல் நாள் இரவு ரிச்சர்ட், இது வேண்டாம், வீட்டுக்குப் போய்விடு என்று சீட்டு எழுதி அனுப்பினாராம். ரொனால்ட் போகவில்லை. எட்டு வருஷம் கூடுதலாகக் கிடைத்தது ரிச்சர்டுக்கு. அதில் கல்யாணம், இரண்டு பெண் குழந்தைகள். அந்தச் சீட்டைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். சாகக் கிடக்கிறவனும் கடன்படத் தயங்குகிறான்.

மார்ச் 7

“நன்றிக்கடனையும் செய்த தீங்கையும் ஒரே தட்டில் வைக்கிறீர்கள்” என்று ஒருவர். ஆமாம், வைத்துவிட்டேன். பிரித்துக்கொள்வோம். உதவி வாங்கியவன் கதை ஒன்று, ஊறு செய்தவன் கதை வேறு. முதல் வகைக்கு மேலே எழுதியாச்சு. இரண்டாவதற்கு என் கதையையே எழுதுகிறேன். பெரிசு. பொறுமை இல்லாதவர்கள் தாண்டிப் போகலாம்.

மார்ச் 8

அலுவலகத்தில் என்னோடு ஒரு பையன் வேலை பார்த்தான். என்னைவிட எட்டு வயசு சின்னவன். பெயர் வேண்டாம். ஒரு வருஷக் கடைசியில் மேலிடத்துக்குப் போன அறிக்கையில் ஒரு எண்ணில் பூஜ்யம் விட்டுப்போயிருந்தது. தட்டச்சு அடித்தவன் அவன். எழுதிக் கொடுத்தவன் நான். பூஜ்யம் விடுபட்டது என் கையெழுத்தில் இருந்த தாளிலேயே. அந்தத் தாள் என் மேசை இழுப்பறையில் இருந்தது. விசாரணை நடந்த நாள் முழுக்க இருந்தது. மூலத்தாள் எங்கே என்று கேட்டார்கள். தெரியவில்லை என்றேன். அவனுக்குப் பதவி உயர்வு நின்றது. ஆறு மாசத்தில் வேலையை விட்டுப் போய்விட்டான்.

பதினேழு வருஷம் அந்தத் தாளைச் சுமந்தேன். கிழித்துப் போட்டது அந்த வாரமே. ஆனாலும் சுமந்தேன். அவனுக்கு எப்படி ஈடுகட்டுவது என்று மனசுக்குள் ஒரு பேரேடு. அவனுக்கு வராமல்போன சம்பள உயர்வு, அதற்கு வட்டி. ஒரு முறை பெயர் போடாமல் பணம் அனுப்பலாமா என்றுகூட யோசித்தேன்.

எங்கள் தொழிலில் பேலன்ஸ் கன்ஃபர்மேஷன் லெட்டர் என்று ஒன்று உண்டு. ‘எங்கள் ஏட்டின்படி நீங்கள் எங்களுக்கு இவ்வளவு தரவேண்டும், உங்கள் ஏட்டிலும் இதேதானா?’ என்று எதிர்த்தரப்புக்கு எழுதிக் கையெழுத்து வாங்குவோம். தணிக்கையாளர் அதைப் பார்க்காமல் விடமாட்டார். நான் நம்புவது போதாது, அவனும் ஒப்புக்கொள்ள வேண்டும். கடைசியில் அதைத்தான் செய்தேன். விலாசம் கண்டுபிடித்து நேரில் போனேன்.

சொன்னேன். முழுசாகச் சொன்னேன். அவன் சிரித்தான். “அதுவா சார்? மூலம் உங்களதுன்னு எனக்கு அன்னிக்கே தெரியுமே. உங்க ஏழு எப்பவும் ஒண்ணு மாதிரி இருக்கும், நான்தானே வருஷக்கணக்கா அடிச்சேன். அந்த வேலை போனதுனாலதான் சார் இந்தத் தொழில். விடுங்க.”

நிம்மதியாக மூச்சு விட்டிருப்பேன். ஆனால் அவன் நிறுத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “ஒண்ணு மட்டும் கேக்கணும்னு இருந்தேன். எங்கப்பா இறந்தப்ப வந்தீங்கள்ல? வாசல்லயே நின்னுட்டுப் போயிட்டீங்க. உள்ளயே வரலை. அம்மா உங்க மேல ரொம்பப் பிரியமா இருந்தாங்க. ‘ஆபீஸ்ல இருந்து அவர் வந்தாரே, ஏன் உள்ள வரலை, நாம எதாச்சும் தப்பு பண்ணிட்டமா’ன்னு போற வரைக்கும் கேட்டுட்டே இருந்தாங்க. ஏன் சார்?”

விசாரணை முடிந்து பத்து நாளில் நடந்த சாவு அது. உள்ளே போனால் அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். அதனால் வாசலோடு திரும்பினேன். பதினேழு வருஷத்தில் ஒரு நாள்கூட அது என் ஏட்டில் இல்லை. நான் சுமந்தது பூஜ்யத்தை. அவன் வைத்திருந்தது வாசல்படியை. அதற்கு ஈடு வாங்க வேண்டிய அம்மா இப்போது இல்லை.

மார்ச் 8, இரவு

ஆகவே என் முதல் குறிப்பில் சொன்ன காரணம் போதாது. முந்திக்கொண்டவர், பிந்தியவர் என்பதெல்லாம் இரண்டாம்பட்சம். பணக்கடனுக்கு ஒரு பத்திரம், இரண்டு கையெழுத்து. மனக்கடனுக்கு இரண்டு ஏடு. ஒருவர் ஏட்டை மற்றவர் பார்த்ததே கிடையாது. என் பக்கம் பைசல் என்று கோடு போட்டுவிட்டேன், எதிர்ப்பக்கம் எந்தத் தலைப்பில் எழுதி வைத்திருக்கிறார்கள் என்றே எனக்குத் தெரியாது. முழுசாய் அடைந்ததா என்பதை எந்த ஏட்டில் பார்ப்பது?

மார்ச் 9

நேற்று எழுதியதில் என்னைக் கொஞ்சம் நல்லவனாகக் காட்டிக்கொண்டேன். அவனைத் தேடிப் போனதற்கு வேறு காரணமும் இருந்தது. எனக்கு இருதய ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள். போகிற காலத்தில் கணக்கை முடித்துவிடலாம் என்று போனேன். அவனுக்காகப் போகவில்லை. மூன்று மணி நேரம் நான் அழ, அவன் ஆறுதல் சொல்ல, கடைசியில் பஸ் ஏற்றிவிட்டது அவன். மன்னிப்புக் கேட்கப் போனவன் இன்னொரு உதவியை வாங்கிக்கொண்டு வந்தேன். ஆபரேஷன் நன்றாக முடிந்தது, அதனால்தான் உங்கள் கழுத்தை அறுத்துக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 10

“எப்படியும் தீராது என்றால் ஏன் கட்டணும்? திவால் நோட்டீஸ் கொடுத்துவிடலாமே” என்று ஒருவர் நக்கலாய்க் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி.

வாராக்கடன் என்று தள்ளுபடி எழுதுவது கொடுத்தவன் ஏட்டில் நடக்கும் வேலை. வாங்கியவன் தன் ஏட்டில் அப்படி எழுதிக்கொள்ள முடியாது. அரிஸ்டாட்டில் இதைத் தந்தை மகன் வைத்துச் சொல்கிறார். மகன் தந்தையை உதற முடியாது, என்ன செய்தாலும் வாங்கியதற்கு ஈடாகாததால் அவன் எப்போதும் கடனாளி. தந்தை மகனை விடுவிக்கலாம், கொடுத்தவனுக்குத்தான் விடுவிக்கிற உரிமை. (கூடவே, எந்தத் தந்தையும் அப்படி எளிதில் விட்டுவிட மாட்டான் என்றும் சேர்த்துக்கொள்கிறார். பிள்ளை பெற்றவர்.)

வள்ளுவரையும் இங்கே கவனமாய்ப் படிக்கணும். உய்வில்லை என்று அவர் சொல்வது செய்ந்நன்றியைக் கொன்றவனுக்கு. கட்டி முடிக்காதவனுக்கு இல்லை. பாக்கி வைப்பது வேறு, ஏட்டையே எரிப்பது வேறு.

மார்ச் 10, மாலை

கர்ணனை யாராவது இழுப்பீர்கள் என்று எதிர்பார்த்தேன். மூன்று பேர் இழுத்துவிட்டீர்கள். செஞ்சோற்றுக் கடனுக்கு உயிரைக் கொடுத்தான், சரி. ஆனால் அவன் கொடுத்தது அவனுடைய உயிர் மட்டுமா? அபிமன்யுவைச் சூழ்ந்து நின்றவர்களில் அவனும் ஒருவன். தன் கடனை அடுத்தவன் பிள்ளையை வைத்து அடைப்பதைப் பெருமையாகப் பாட எனக்கு வாய் வரவில்லை. அலுவலகங்களில் கர்ணன்கள் நிறைய. மேலாளர் வேலை போட்டுக் கொடுத்தார் என்பதற்காக அவர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டவர்கள். தட்டச்சுப் பையன்கள்தான் மாட்டுவார்கள்.

மார்ச் 12

ஒருவருக்கொருவர் பட்டது போகட்டும், நாடுகள் பட்ட கடன் தீர்ந்திருக்கிறதா என்று கேட்டவருக்கு.

1952 செப்டம்பர் 10. லக்சம்பர்க். நாஜிகள் செய்த கொலைகளுக்கும் கொள்ளைக்கும் பிறகு, மேற்கு ஜெர்மனி இஸ்ரேலுக்கு 300 கோடி மார்க் தருவதாக ஒப்பந்தம். யூதர் அமைப்புகளுக்கு இன்னொரு 45 கோடி. பெரும்பகுதி சரக்காகப் போனது. ஜெர்மானியர்கள் இந்த வகைக் கொடுப்புக்கு வைத்த பெயருக்கு அர்த்தம் ‘மறுபடி நல்லதாக்குதல்’. வாங்கியவர்கள் அந்தப் பெயரை ஏற்கவில்லை. ‘ஷிலுமிம்’ என்றார்கள். செலுத்தப்படுபவை, அவ்வளவே. மன்னித்தோம் என்ற வாசனை அதில் வரக்கூடாது என்று தேடி எடுத்த சொல். அதற்கே அவர்கள் நாடாளுமன்றத்துக்கு வெளியே கல்வீச்சு, உள்ளே 61க்கு 50 என்று வாக்கு. ரத்தத்துக்கு விலை வாங்குவதா என்று ஒரு பாதி, பிழைக்க வேண்டுமே என்று ஒரு பாதி.

ஒரே பணம். கொடுத்தவன் ஏட்டில் ஒரு தலைப்பு, வாங்கியவன் ஏட்டில் வேறு தலைப்பு. என் வாசல்படிக் கதைதான், பெரிய எழுத்தில். ஜெர்மானியர்களே அதோடு கணக்கை மூடவில்லை என்பதையும் சொல்லணும். கொலைக்கு இத்தனை வருஷத்துக்குள் வழக்குப் போடணும் என்று இருந்த காலவரம்பை 1979இல் நீக்கினார்கள். பழைய கொலைகாரர்கள் நாளாகிவிட்டது என்று காட்டித் தப்பக்கூடாது என்பதற்காக.

இதற்கு நேர்மாறாக, ஏட்டை எழுதும் கை யாருடையது என்று பார்க்க ஹெய்ட்டி. அடிமைகள் போராடி விடுதலை வாங்கிய நாடு. 1825இல் பிரான்ஸ் போர்க்கப்பல்களோடு வந்து, எங்கள் ஆட்கள் இழந்த சொத்துக்கு 15 கோடி ஃபிராங்க் எடு என்றது. அந்தச் சொத்தில் அடிமைகளும் சேர்த்தி. 1838இல் 9 கோடியாகக் குறைத்தார்கள். விடுதலையானவன் தன்னை ஆண்டவனுக்குத் தன் விலையையே கட்டினான். பிரிட்டன் அடிமைமுறையை ஒழிக்க 1833இல் சட்டம் போட்டபோது 2 கோடி பவுண்டு ஈடு கொடுத்தது. யாருக்கு? உடைமையாளர்களுக்கு. அடிமைகளுக்கு ஒரு பென்னி இல்லை, மேற்கொண்டு சில வருஷம் ‘பயிற்சி’ என்ற பெயரில் பழைய எசமானிடமே கூலியில்லா உழைப்பு. அந்த ஈட்டுக்காக அரசு வாங்கிய கடனின் கடைசிப் பாக்கி 2015இல்தான் தீர்ந்தது. பணக்கடன் பைசாவுக்குப் பைசா அடைந்தது, நூற்றெண்பது வருஷம் கழித்தாவது. அதற்குப் பக்கத்தில் இருந்த மற்றது?

மார்ச் 13

ஒரே இருட்டாக எழுதுகிறேன் என்று வீட்டிலேயே புகார். சரி.

ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் ஹாரிசன் என்று ஒருவர். 14 வயதில் நெஞ்சில் பெரிய அறுவை சிகிச்சை. முகம் தெரியாத பலர் கொடுத்த ரத்தத்தில் பிழைத்தார். வயது வந்ததும் தானும் கொடுக்க ஆரம்பித்தார், 1954இல். பிறகுதான் அவருடைய ரத்தத்தில் அபூர்வமான ஓர் எதிர்ப்புப் புரதம் இருப்பது தெரிந்தது. தாய்க்கும் வயிற்றுப் பிள்ளைக்கும் ரத்த வகை ஒத்துப்போகாதபோது பிள்ளையைக் காப்பாற்றும் மருந்து அதிலிருந்து வந்தது. 81 வயதுவரை 1,173 தடவை கொடுத்தார். நிறுத்தியது கடன் தீர்ந்ததால் இல்லை, வயது வரம்பு வந்துவிட்டதால். 2025இல் காலமானார். அத்தனை தடவையிலும் ஊசி ஏறுவதை அவர் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. பயம். கூரையைப் பார்ப்பார், பக்கத்து நர்ஸிடம் பேசுவார்.

அவருக்குக் கொடுத்தவர்கள் யார் என்று தெரியாது. அதனால் அவர்கள் ஏட்டில் என்ன இருக்கிறது என்ற கவலையும் இல்லை. யாரோ கொடுத்தார்கள், யாருக்கோ கொடுத்தார். சொல்லிக்காட்ட மாமா இல்லாத கடன். கொடுத்துவைத்தவர்.

மார்ச் 15

கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார், கொஞ்சம் கோபமாக. ரத்ததானம் பண்ணச் சொல்கிறீர்களா, மாமாவை என்ன செய்வது என்கிறார். நியாயம்தான். எனக்குத் தெரிந்த ஒரே வழி அந்த பேலன்ஸ் கன்ஃபர்மேஷன் லெட்டர்தான். அடுத்த தடவை அவர் ஆரம்பித்தால் தலையாட்டாமல், “அன்னிக்கு எப்படி மாமா புரட்டினீங்க?” என்று கேட்டுப் பாருங்கள். அவர் ஏட்டில் என்ன எழுதியிருக்கிறது என்றாவது தெரியும்.

மார்ச் 19

அவர் கேட்டிருக்கிறார். பதிலைச் சுருக்கி எழுதுகிறேன், அவர் அனுமதியோடு.

மாமா முதலில் முறைத்தாராம். பிறகு, “நான் எங்க புரட்டினேன், உங்க அத்தை நகையைக் கழட்டிக் குடுத்தா” என்றாராம். அத்தை உள்ளே இருந்து, “இப்ப எதுக்கு அதெல்லாம்” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாராம். நகை மீளவில்லை. கேட்டவர் வட்டியோடு திருப்பிக் கொடுத்த பணம் வேறு செலவுக்குப் போய்விட்டது. இத்தனை வருஷமாகத் தப்பான ஆளிடம் கட்டிக்கொண்டிருந்தேனா, இப்போது முதலிலிருந்தா என்று கேட்கிறார்.

ஆமாம். புது ஏடு வாங்குங்கள். ஆனால் நாளைக்கே நகைக்கடைக்கு ஓடாதீர்கள். வாசல்படி வேறு எங்காவது இருக்கும்.

மார்ச் 20

வட்டி வசூல் என்று மாமாவைப் பற்றி எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். அவர் மகன் படிப்புக்கு நீங்கள்தானே கட்டினீர்கள்? அதாவது சொந்தப் பிள்ளைக்கு அவரால் முடியவில்லை. வாழ்க்கையில் ஒருவனைப் படிக்க வைத்தார், அதுவும் மனைவி நகையில். அதைத்தான் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். சொல்வதையும் நிறுத்தினால் கையில் என்ன மிச்சம்? சொல்லிக்காட்டுவது அசிங்கம்தான், அதில் மாற்றமில்லை. ஆனால் கந்துவட்டிக்காரர் என்றது அதிகம்.

மார்ச் 20, பின்னால் தோன்றியது

‘உதவி வரைத்தன்று உதவி, உதவி செயப்பட்டார் சால்பின் வரைத்து’. செய்த உதவி எவ்வளவு என்பது அளவில்லை, வாங்கியவரின் தகுதிதான் அளவு என்று இத்தனை நாள் புகழ்ச்சியாகவே படித்தேன். இப்போது கொஞ்சம் பயமாக இருக்கிறது. அளவுகோல் வாங்கியவன் கையில் என்றால், பூஜ்யத்தை அளந்துவிட்டு வாசல்படியை அளக்காமல் விடுகிறவனும் அவன்தானே.

மார்ச் 27

தங்கை போன் பண்ணினாள், அந்தச் சிறுநீரகத் தங்கை. ராத்திரி பத்து மணிக்கு. அந்த நேரத்துக்கு அவள் பேர் திரையில் வந்தால் எனக்கு வயிறு கலங்கும். எடுத்தால் சிரிக்கிறாள். மூச்சு வாங்குகிறது, சொல்ல முடியவில்லை.

“அண்ணே, இன்னிக்கு அவன் என்னப் ‘போடி லூசு’ன்னுட்டாண்ணே.”

“யாரு?”

“அவன்தான். என் தம்பி. கத்திட்டான். பிள்ளைங்க எல்லாம் பயந்து போய் நிக்குது.”

“எதுக்காம்?”

“டிவி ரிமோட்டுக்கு.”

“கடைசில ரிமோட் யார் கையில?”

“என் கையிலதான். குடுப்பனா நான்?”